வானொலியை மாற்றுமுன் வண்டியை வினவுக

மோட்டார் வண்டியிலுள்ள வானொலிப் பெட்டி சரிவர ஒலிக்கவில்லையெனில் நம்மில் பெரும்பாலோர் முதற்கண் ஐயுறுவது அந்தப் பெட்டியைத்தான். ஒலி அதிலிருந்து வருகின்றது. ஆகவே குற்றமும் அதிலேயே இருத்தல் வேண்டும் என்று எண்ணிவிடுகிறோம். பெட்டி மாற்றப்படுகின்றது, கரகரப்பு மட்டும் மாறுவதில்லை. பிறகு ஏரியல் மாற்றப்படுகின்றது, அப்போதும் பயனில்லை. இறுதியில், "பழைய வண்டி, இவ்வளவுதான் கேட்கும்" என்ற தீர்ப்போடு வழக்கு முடிக்கப்படுகின்றது.

வண்டி பழையது என்பது ஒரு காரணமன்று. வண்டி பழையதானால் துரு ஏறும், இணைப்புத் தளரும், ஈரம் புகும், மின்தேக்கி செயலிழக்கும். இவை ஒவ்வொன்றும் தனித்தனியே கண்டறியக் கூடியவை. பெரும்பாலும் மிகச் சிறு செலவில் நீக்கக் கூடியவை. முறைப்படி வினவி விடை காணாமல் எப்பொருளையும் மாற்றலாகாது என்பதே இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்பும் கருத்து.

இத்துணை அக்கறை எதற்கு?

"கைப்பேசி உள்ள இக்காலத்தில் வண்டி வானொலிக்காக இவ்வளவு முயற்சி வேண்டுமா?" என்று சிலர் கேட்கக்கூடும். பாட்டுக் கேட்பது மட்டுமே நோக்கமாயின் அவ்வினா நியாயமானதே. ஆனால் 2019ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் ஒடிசாவில் பூரி நகரின் அருகே ஃபானி புயல் கரை கடந்தபோது நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். மின்கம்பங்கள் சாய்ந்தன, கைப்பேசிக் கோபுரங்கள் செயலற்றன, பல ஊர்களுக்கு மின்சாரமும் தொலைபேசியும் மீண்டும் கிடைக்கப் பல நாட்கள் ஆயின. அத்தகைய வேளையில், தன் சொந்த பாட்டரியைக் கொண்டே இயங்கித் தொலைவிலுள்ள நிலையத்தின் எச்சரிக்கையைக் கேட்பிக்கவல்ல கருவி, வாசலில் நிற்கும் வண்டிக்குள்ளேயே இருக்கின்றது. அது நன்னிலையில் இருந்தால் பயன். இல்லையேல் வெறும் அணிகலன். புயல் வீசும் நாளில் அமர்ந்து பழுது தேட இயலாது. கடலோரத்திலும் மலைப்பகுதியிலும் சுற்றுப்பயணம் செய்யும் களப்பணியாளர் இதனை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

என் வண்டி கற்பித்த பாடம்

மைசூரில் பணிபுரியும் என்னிடம் என் தந்தையார் 1984ஆம் ஆண்டில் வாங்கிய அம்பாசடர் கார் ஒன்று உள்ளது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைப் பின்பற்றி வங்காளத்தின் உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை உருவாக்கப்பட்ட அவ்வகை வண்டிகளைப் பற்றி இவ்விதழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்களுள் பலர் அலுவலக வண்டியாக அதிலேயே பயணம் செய்திருப்பர். ஏறத்தாழ 145 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரு நிலையத்தை, 612 கிலோஹெர்ட்ஸில், அவ்வண்டியில் பகற்பொழுதிலும் தெளிவாகக் கேட்டு வந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலம் கழிந்தபின் அவ்வொலி மெலிந்தது; எஞ்சினை இயக்கினால் முற்றிலும் மறைந்தது.

வண்டியை ஒரு பணிமனைக்குக் கொண்டு சென்றேன். புதிய வானொலிப் பெட்டி பொருத்தப்பட்டது, பயனில்லை. மறுமுறை, கண்ணாடியில் ஒட்டும் வகையைச் சேர்ந்த ஏரியல் ஒட்டப்பட்டது. நிலைமை சற்று மோசமாயிற்று. மூன்றாம் முறை, மேலே கூறிய தீர்ப்பு வழங்கப்பட்டது. பணிமனையாரை நான் குறைகூறவில்லை. மாற்றிய பொருளுக்குப் பற்றுச்சீட்டு உண்டு; அரை நாள் செலவிட்டுக் காரணம் ஆராய்ந்தமைக்குப் பற்றுச்சீட்டு இல்லை. வாடிக்கையாளராகிய நாமும் பொருளுக்குத் தயங்காமல் பணம் கொடுக்கிறோம். ஆராய்ச்சிக்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறோம். அலுவலகங்களிலும் இதே நிலைதான். புதுப் பெட்டி வாங்கக் கணக்குத் தலைப்பு உண்டு. பழுதின் காரணம் காண எந்தத் தலைப்பும் இல்லை.

வீடு திரும்பியபின் ஒரு பழைய கோப்பு என் நினைவுக்கு வந்தது. பணியில் சேர்ந்த புதிதில், வண்டிகளில் மின் கருவிகளைப் பேணும் முறை பற்றிய சிறு குறிப்பொன்றை நானே ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியிருந்தேன். அதனைத் தேடி எடுத்துப் படித்தேன். "ஏரியலின் புவியிணைப்புச் செம்மையை உறுதி செய்க" என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைக் குறித்து அக்காலத்தில் ஓர் ஓட்டுநர் என்னிடம் கேட்ட கேள்வியும் உடன் நினைவுக்கு வந்தது: "ஐயா, வண்டி நாலு ரப்பர் டயர் மேல நிக்குது. பூமிக்கு இணைப்பு எங்கிருந்து கொடுக்கிறது?"

அன்று நான் சிரித்து மழுப்பிவிட்டேன். உண்மையில் அவர் கேட்டது முற்றிலும் சரி. வண்டியில் 'எர்த்' என்பது பூமியன்று. வண்டியின் உலோக உடல். ஓட்டுநர்கள் அதனைப் 'பாடி எர்த்' என்று தெளிவாகவே வழங்குகின்றனர். நான் இயற்றிய தூய சொல், செய்ய வேண்டிய செயலையே மறைத்துவிட்டது.

மறுநாள் காலை ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு பழைய ஏரியலின் அடிப்பகுதிக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே மின்தடையை அளந்தேன். ஏறக்குறையச் சுழியாக இருக்க வேண்டிய அளவு நாற்பது ஓமுக்கு மேல் இருந்தது. ஏரியலைச் சற்று அசைத்தால் மேலும் ஏறி இறங்கியது. மட்கார்டின் உட்புறத்தில், ஏரியலின் பிடிவளையம் அமரும் இடத்தில், வண்ணப்பூச்சுக்கு அடியே துரு படர்ந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து உலோகம் பளபளக்கச் செய்து, பல்லுள்ள வாஷர் ஒன்றை இட்டு முடுக்கி, மேலே சிறிது கிரீஸ் தடவினேன். பழைய ஏரியலையும் பழைய பெட்டியையும் மீண்டும் இணைத்தேன். பெங்களூரு மீண்டும் ஒலித்தது.

ஒரு மீட்டர் கம்பியும் ஐந்நூறு மீட்டர் அலையும்

இச்சிறு துரு இத்துணைத் தீங்கு செய்தது எவ்வாறு? 612 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 490 மீட்டர். வண்டியின் ஏரியலோ ஒரு மீட்டர் அளவே. அலையின் நீளத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு குண்டூசி போன்றது. இத்தகைய சிறு கம்பி தனித்து நின்று அலையைப் பற்றுவதில்லை. அது ஒரு மின்தேக்கியின் ஒரு தகடாகவும், வண்டியின் உடல் மற்றொரு தகடாகவும் அமைந்து, இவ்விரண்டுக்கும் இடையே தோன்றும் நுண்ணிய மின்னழுத்தமே பெட்டியை அடைகின்றது. எனவே வண்டியின் உடல் ஏரியலின் மறுபாதி என்பதை நாம் உணர வேண்டும். கேபிளின் வெளிப்பின்னல் உடலோடு இறுகப் பொருந்தாவிடில் ஏரியலில் பாதியை இழந்தவர்களாகிறோம். அம்மட்டோ? எஞ்சினின் மின் இரைச்சலைத் தடுத்து நிறுத்த வேண்டிய அப்பின்னலே அவ்விரைச்சலை உள்ளே கொண்டு வரவும் தொடங்குகின்றது.

பண்பலையின் நிலை வேறு. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அதன் அலைநீளம் ஏறக்குறைய மூன்று மீட்டர். அதில் கால் பங்காகிய 75 சென்டிமீட்டர் கம்பியே அதற்குப் போதுமானது. ஆகவே பண்பலை நன்கு ஒலித்து மத்திய அலை மட்டும் ஒலிக்காவிடில், பெட்டியை விடுத்து ஏரியலையும் அதன் கேபிளையும் முதலில் ஐயுறுவது தகும்.

கேபிளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. வண்டி வானொலிக்கென அமைந்த கேபிளின் மின்தேக்கும் திறன் மிகக் குறைவாக இருக்கும். அது பழுதானால் சிலர் தொலைக்காட்சிக் கேபிளை வெட்டி இணைத்துவிடுகின்றனர். அக்கேபிளின் மிகுதியான தேக்கு திறன், ஏரியல் திரட்டிய சிறிதளவு மின்னழுத்தத்தையும் வழியிலேயே விழுங்கிவிடும். தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பவை தொழிலில் ஒன்றாகா.

வினவும் முறை

பழுது தேடுவதில் பொருள்களின் வரிசையைப் பின்பற்றலாகாது; வினாக்களின் வரிசையைப் பின்பற்ற வேண்டும். செலவும் உழைப்பும் குறைந்த வினாவே முதலில் வரவேண்டும். ஒரு முறைக்கு ஒன்றையே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், குணம் கண்டபோதும் காரணம் காண இயலாது.

முதல் வினா: அலை அவ்விடத்தில் உள்ளதா? ஒரு கையடக்க டிரான்சிஸ்டர் பெட்டியை வண்டிக்கு வெளியே சற்றுத் தள்ளி வைத்து அதே நிலையத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அதிலும் ஒலி இல்லையெனில் வண்டியின்மேல் குற்றமில்லை. உயரழுத்த மின்கம்பிகளின் அருகே சோதனை செய்யலாகாது; பழுதுற்ற இன்சுலேட்டர் ஒன்று தெரு முழுவதும் இரைச்சலைப் பரப்பவல்லது.

இரண்டாம் வினா: எஞ்சின் நின்றிருக்கும்போது ஒலி எப்படி? இவ்வொரு வினா தேடலைப் பாதியாக்கிவிடுகின்றது. நின்றிருக்கும்போதே ஒலி மெலிந்திருந்தால் குறை பெரும்பாலும் ஏரியல் பக்கத்தது. நின்றால் தெளிவாகவும், ஓடினால் இரைச்சலாகவும் இருந்தால் குறை எஞ்சினின் மின் கருவிகளைச் சார்ந்தது.

மூன்றாம் வினா: பிற்காலத்தில் சேர்த்த கருவி ஏதேனும் உண்டா? கைப்பேசிக்கு மின்னூட்டும் சிறு கருவி 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும்பொருட்டு நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தைத் திறந்து மூடுகின்றது. அதன் எதிரொலி மத்திய அலையெங்கும் பரவும். மலிவான எல்.இ.டி. விளக்குகள் சிலவும் அவ்வாறே. அவற்றைக் கழற்றிவிட்டுக் கேட்பதற்கு ஒரு காசும் செலவில்லை. ஆயினும் இதனைச் செய்து பார்ப்போர் அரியர்.

நான்காம் வினா: இரைச்சல் எவ்வழியே வருகின்றது? எஞ்சின் ஓடும்போது பெட்டியிலிருந்து ஏரியலின் பிளக்கை உருவிவிட வேண்டும். இரைச்சலும் உடன் மறைந்தால் அது ஏரியல் வழியாக வருவது. மறையாவிடில் மின்சாரக் கம்பி வழியாக வருவது.

ஐந்தாம் வினா: ஏரியலின் இணைப்புகள் சரியாக உள்ளனவா? பிளக் பெட்டியிலிருந்து கழன்றிருக்க, மூன்று அளவுகளை எடுத்தல் வேண்டும். ஏரியல் கம்பிக்கும் பிளக்கின் நடுமுனைக்கும் இடையே மின்தடை சுழியை ஒட்டி இருக்க வேண்டும். பிளக்கின் வெளிவளையத்திற்கும் வண்டியின் உடலுக்கும் இடையிலும் அவ்வாறே. நடுமுனைக்கும் வெளிவளையத்திற்கும் இடையேயோ இணைப்பே இருக்கலாகாது. இருக்குமாயின் ஏரியலின் அடியில் ஈரம் புகுந்துள்ளது என்க. மழைக்காலத்தில் மட்டும் தோன்றிக் கோடையில் மறையும் பழுதுகள் பெரும்பாலும் இவ்வகையின.

பழைய பெட்டிகள் பலவற்றில் ஏரியலுக்கேற்பப் பெட்டியைப் பொருத்தும் சிறு திருகு ஒன்று உண்டு. ஏரியலோ கேபிளோ மாற்றப்பட்டபின், 1400 கிலோஹெர்ட்ஸை ஒட்டி மெலிதாக ஒலிக்கும் நிலையம் ஒன்றைப் பிடித்து, ஒலி உச்சமடையும் வரை அத்திருகை மெல்லத் திருப்ப வேண்டும். இதனைச் செய்யாமல் விட்டுப் புதிய ஏரியலைப் பழிப்போரும் உளர்.

இரைச்சலின் குரல்

இரைச்சல் அனைத்தும் ஒன்றன்று. செவி கொடுத்துக் கேட்டால் ஒவ்வொன்றும் தன் பிறப்பிடத்தைத் தானே கூறிவிடும். எஞ்சினின் வேகத்தோடு விரைந்தும் தணிந்தும் டக்டக்கென ஒலிப்பது தீப்பொறியின் குரல். நான்கு சிலிண்டர் கொண்ட பெட்ரோல் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழலும்போது நொடிக்கு 100 தீப்பொறிகள் பிறக்கின்றன. வேகத்திற்கேற்பச் சீழ்க்கைபோல் ஏறி இறங்குவது டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரின் குரல். ஒழுங்கின்றி அவ்வப்போது கரகரப்பது பழைய வோல்டேஜ் ரெகுலேட்டரின் குரல். மேடுபள்ளத்தில் மட்டும் வெடிப்பது தளர்ந்த இணைப்பின் குரல்.

ஐயம் எழுந்தால் ஓர் எளிய சோதனை உண்டு. நின்ற நிலையில் எஞ்சினை விரைவாக ஓடவிட்டு, வானொலி அணையாதபடி இக்னிஷனை மட்டும் நிறுத்துக. அக்கணமே நின்றுவிடும் ஒலி தீப்பொறியினுடையது. எஞ்சின் சுழன்று ஓயும் வரை தேய்ந்து செல்லும் ஒலி டைனமோவினுடையது. ஓடும் வண்டியில் இதனைச் செய்தல் கூடாது. டீசல் வண்டியில் தீப்பொறியே இல்லையாதலால், அங்கே ஸ்பார்க் பிளக்குக்கு மருந்து தேடுவோர் வீண் வேலை செய்கின்றனர்.

தீப்பொறியின் இரைச்சலுக்கு, பிளக் கம்பியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 ஓம் வரை மின்தடை சேர்ப்பதும், மின்தடையுள்ள கம்பியையே பயன்படுத்துவதும் பரிகாரம். இக்னிஷன் காயிலின் பாட்டரிப் பக்க முனைக்கும் உடலுக்கும் இடையே மின்தேக்கி ஒன்றை இணைப்பதும் உதவும். ஆனால் அதனைப் பாயின்ட் பக்க முனையில் இணைத்துவிட்டால் தீப்பொறி குன்றி எஞ்சினே தடுமாறும். டைனமோவிலும் மின்சாரம் வெளிவரும் முனையிலேயே மின்தேக்கி இணைக்கப்பட வேண்டும். ஃபீல்டு முனையில் ஒருபோதும் கூடாது. எஞ்சினின் மேலுள்ள பானெட், கீல்களில் துருவேறித் தனித்துவிட்டால், இரைச்சலைத் தடுக்கும் தொழிலை இழந்துவிடும். பின்னல் பட்டை ஒன்றால் அதனை உடலோடு பிணைத்துவிட வேண்டும்.

பழுதல்லாத பழுதுகள்

சில குறைகள் குறைகளே அல்ல. இரவில் வானின் மேலடுக்குகளால் மத்திய அலை தொலைவுக்குத் திரும்பி வருவதால், பகலில் கேளாத நிலையங்கள் கேட்பதும், ஒன்றோடொன்று மோதுவதும், ஒலி ஏறி இறங்குவதும் இயற்கை. சாமராஜநகரிலிருந்து திம்பம் மலைப்பாதையில் இறங்கும்போது பண்பலை விட்டுவிட்டுக் கேட்பதும் மலையின் செயலே, பெட்டியின் செயலன்று. மேலும், அண்மைக் காலத்தில் மத்திய அலையில் எண்முறை ஒலிபரப்பும் நடைபெறுகின்றது. பழைய பெட்டியில் அது சீரான பேரிரைச்சலாகவே கேட்கும். முள்ளின் ஓரிடத்தில் மட்டும் அருவிபோல் இரைந்து, பக்கத்தில் அமைதியாக இருந்தால், கருவியைக் கழற்ற வேண்டியதில்லை.

இத்தனை வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரும் குறை நீங்காவிடில், அப்போது பெட்டியை ஐயுறலாம். புதுப்பெட்டி பொருத்துமுன் வண்டியின் எர்த் எம்முனையில் உள்ளது என்று பார்த்தல் இன்றியமையாதது. பழைய ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். அதில் இக்காலப் பெட்டியை இணைத்தால் அது ஒலிப்பதற்கு முன்பே எரிந்துவிடும்.

ஆசிரியர்களுக்கும் எழுதுவோர்க்கும்

மின்காந்த அலைகளை ஹெர்ட்ஸ் 1887ஆம் ஆண்டில் தொடங்கிய சோதனைகளில் தீப்பொறியைக் கொண்டே உண்டாக்கினார் என்று வகுப்பில் கற்பிக்கிறோம். பள்ளி வாசலில் நிற்கும் வண்டியின் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கும் அதே சோதனையை நாள்தோறும் நடத்திக்கொண்டிருக்கின்றது. வானொலிப் பெட்டி ஒன்றோடு மாணவர்களை அதனருகே நிறுத்தி, பானெட்டைத் திறந்தும் மூடியும் கேட்கச் செய்தால் அலை, தடுப்பு, தூரம் ஆகிய மூன்றையும் ஒரு மணி நேரத்தில் உணர்ந்துவிடுவர். எஞ்சினிலிருந்து கையையும் ஆடையையும் விலக்கி வைத்தல் மட்டும் வேண்டும். அதனினும் சிறந்த பயன், காரணம் காணுமுன் தீர்ப்புக் கூறலாகாது என்ற அறிவியல் மனப்பான்மையை அவர்கள் பெறுவதாகும்.

அலுவலகங்களுக்கு ஒரு யோசனை கூற விரும்புகிறேன். வண்டி வானொலியை மாற்றக் கோரும் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் மேற்கூறிய ஐந்து வினாக்களுக்கான விடைகளை ஒரு தாளில் எழுதி இணைக்க வேண்டும் என்று விதித்தால் போதும். விண்ணப்பங்கள் பல எழுதப்படும்போதே தேவையற்றனவாகிவிடும். அத்தாள் வண்டியிலேயே இருக்கட்டும். அடுத்து வரும் ஓட்டுநருக்கு அது வழிகாட்டும்.

என்னைப் போன்று அரசுக் குறிப்புகளைத் தமிழாக்குவோர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. ஒரு சொல் தூயதா என்பதோடு, அதைப் படித்தவர் எந்த இடத்தில் கைவைப்பார் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அக்குறிப்பை நான் இப்போது திருத்தி எழுதியிருக்கிறேன். அந்த வரி இவ்வாறு அமைந்துள்ளது: "ஏரியலின் அடிப்பகுதி வண்டியின் பாடியோடு துருவின்றி, வண்ணப்பூச்சின்றி, இறுகப் பொருந்தியுள்ளதா என்று பார்க்கவும்." முன்னதைவிட இது நீண்ட வரி; அழகும் சற்றுக் குறைவே. ஆயினும் அந்த ஓட்டுநர் இன்று என்னிடம் வந்து கேட்பதற்கு இதில் ஏதும் இல்லை.